கட்டலினாவின் இரண்டாம் சக்கரம்

கொட்டாஞ்சேனை
06.10.2024

தம்பி சீனுவுக்கு,

இங்கே நானும் அத்தானும் நல்ல சுகம். உன் சுகத்தை உன்னிடம் கேட்கப்போவதில்லை. ரக்ஷிதாவிடம் கேட்டுக்கொள்வேன். உன் பெண்சாதியாவது உண்மை சொல்லுவாள்.

கடிதத்தைக் கண்டதும் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நெஞ்சை நிமிர்த்தாதே. பம்பலப்பிட்டிப் போட்டி மண்டபத்தில் அத்தனை பேருக்கும் முன்னால், "இனி நான் இவனோட வாய் திறந்து கதைக்கமாட்டன்" என்று சொன்னவள் நான். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. தபால்காரரும் பிழைக்கவேண்டும்தானே.

நாம் இருவரும் வருடம் முழுக்கக் குந்தியிருந்து கட்டிய பிளாஸ்டிக் மொடல் இழுவைக் கப்பலை நடுவர் ரொனி குனிந்து பார்க்கிறார். தொடக்கூட இல்லை. ஏணி விழுகிறது. அதன் பின்னால் நங்கூரமும் விழுகிறது. ஏதாவது கழன்றால் போட்டியை விட்டு வெளியே என்பது மொடல் கழகத்தின் விதி. சரி, போனது போகட்டும். நீ வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நீயோ எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எங்கட அக்கா ராஜராஜேஸ்வரியிட வேலை. பொருத்திற இடத்திலயும் பெயின்ட் பூசி வச்சிருக்கிறா" என்றாய்.

பூசுவது என் வேலை, ஒட்டுவது உன் வேலை. ஒட்டியது விழுந்தால் யாருடைய பிழை? கொஞ்சம் யோசி.

என் மெல்லிய பிரஷ்கள் உன் மேசையில் கிடக்கின்றன. கழுவித் துடைத்து, நுனிக்கு மூடி போட்டு அனுப்பிவை. எதற்கு என்று கேட்காதே.

அக்கா
ராஜராஜேஸ்வரி


வெள்ளவத்தை
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தடிமனைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. ரக்ஷிதாவும் சுகம். அத்தானின் முழங்கால் எப்படி?

பிரஷ்களை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு மயிர்கூட வளையவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். என் டுவீசர் உங்களிடம் இருக்கிறது. அதை அனுப்பிவையுங்கள். எதற்கு என்று நீங்களும் கேட்கவேண்டாம்.

ஏணி விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பிடிக்கும். நடுவில் பெயின்ட் இருந்தால் அது பெயின்ட்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் உரிந்தால் ஏணியும் போகும். நீங்கள் துண்டுகளை, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமலே, முன்னும் பின்னும், சந்து பொந்து எல்லாம் பூசித் தருகிறீர்கள். நான் எதில் ஒட்டுவது?

அது கிடக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் கேட்கிறார். விமானத்தில் விமானிக்கு முன்னால் வேகமும் உயரமும் காட்டும் சின்னச் சின்ன மானிகள் இருக்கின்றனவே, அவற்றை எப்படிப் பூசுவது என்று. அவர் பூசினால் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து தார் ஊற்றியதைப் போல ஆகிவிடுகிறதாம். எனக்காகக் கேட்கவில்லை.

உங்கள் தம்பி
சீனு


கொட்டாஞ்சேனை
17.11.2024

தம்பி சீனுவுக்கு,

அத்தானின் முழங்கால் மழைக்குக் கொஞ்சம் முறைக்கிறது. மற்றபடி சுகம். உன் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இதைப் பாசத்தில் சொல்லவில்லை. நீ தும்மினால் ரக்ஷிதாவுக்கும் தொற்றும்.

டுவீசர் வருகிறது. உன் "தெரிந்தவருக்கு" இதைச் சொல். முதலில் எல்லாவற்றையும் கறுப்பாகப் பூசிக் காயவிடவேண்டும். பிறகு இளஞ்சாம்பலில் பிரஷைத் தோய்த்து, துணியில் துடைத்துத் துடைத்து, இனிப் பெயின்ட்டே இல்லை என்று தோன்றும்வரை துடைக்கவேண்டும். அந்த வெறும் பிரஷால் மேலாகத் தடவினால், மேடான இடத்தில் மட்டும் நிறம் ஏறும். முள்ளும் எழுத்தும் தானாகத் தெரியும். மானிக்குக் கண்ணாடி போட்டதுபோல் மினுங்கவேண்டுமென்றால், ஊசி முனையால் வார்னிஷ் ஒரு சொட்டு. அவருக்குப் பொறுமை இல்லை என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இல்லை.

எனக்கும் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். மொடல் விமானத்தின் கண்ணாடி ஜன்னலை உடனே ஒட்டும் பசை போட்டு ஒட்டினாளாம். விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகைபோலப் படிந்து உள்ளே ஒன்றுமே தெரியவில்லையாம். பாவம், குசினிக்குள் நின்று தன்னையே திட்டிக்கொண்டாள். என்ன செய்யலாம்?

அக்கா
ராஜராஜேஸ்வரி


வெள்ளவத்தை
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கொத்தமல்லி குடித்தேன், தடிமன் போய்விட்டது. தெரிந்தவரும் மானிகளைப் பூசிவிட்டார். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். முகம் முழுக்கச் சிரிப்பு அவருக்கு.

உங்கள் தெரிந்தவளைப் பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். ஜன்னலை மெல்லக் கழற்றி, மெத்தென்ற துணியில் பற்பசை தொட்டுத் தேய்க்கட்டும். கை வலிக்கும்வரை தேய்த்தால் புகை போகும். இனிமேல் கண்ணாடிக்கு அந்தப் பசையே வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பைண்டர் கம் போதும். வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. மற்றத் துண்டுகளுக்கு, ஒட்டும் இடத்தில் பெயின்ட்டைக் கத்தி நுனியால் சுரண்டிவிட்டு ஒட்டட்டும். இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை.

இங்கே கடற்காற்றும் மழையும். தெரிந்தவர் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தார், இறக்கை முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. நான் சாப்பிடாமல்... அவர் சாப்பிடாமல் கிடந்தார்.

ஒளித்து என்ன பயன்? நான் இந்த முறை போட்டிக்குத் தனியாகப் போகிறேன். ஏணி விழுந்த அவமானத்தைத் துடைக்கவேண்டும்.

உங்கள் தம்பி
சீனு


கொட்டாஞ்சேனை
19.01.2025

தம்பி சீனுவுக்கு,

பொங்கலுக்கு ரக்ஷிதா கொண்டுவந்த பலகாரம் கிடைத்தது. நீ கீழே ஓட்டோவிலேயே இருந்தாயாம். நல்லது. எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் நெஞ்சு எரிகிறது. அது சாப்பாட்டால் இல்லை.

அவமானத்தைத் துடைக்கப்போகிறாயா? யாருடைய அவமானத்தை?

உன் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ்களைப் போய்ப் பார். இரண்டாம் இடம், மூன்றாம் இடம், சிறப்புப் பாராட்டு. எல்லாவற்றிலும் "கே. ஸ்ரீநிவாசன்". ஒரு மொடலுக்கு ஒரு பெயர்தான் என்பது கழக விதி என்றாய். உறுப்பினர் நான்தானே அக்கா என்றாய். சரி என்றேன். ஒவ்வொரு வருடமும் சரி என்றேன். மொடலுக்கு முன்னால் வைக்கும் அட்டையில் என் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. பரிசு கிடைத்தபோதெல்லாம் ஸ்ரீநிவாசன். ஏணி விழுந்த அன்று மட்டும் உனக்கு ராஜராஜேஸ்வரி என்ற முழுப் பெயரும் வாயில் வந்துவிட்டது!

அதுதானடா எனக்குக் கொதித்தது. பசையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை.

நான் கழகத்தில் உறுப்பினராகிவிட்டேன். எனக்குத் தெரிந்தவள் என்று யாரும் கிடையாது, நான்தான். நானும் தனியாகத்தான் வருகிறேன். எனக்கு முதல் இடம் வேண்டும். கோப்பை வேண்டும். அதில் என் பெயர் வேண்டும். வயது ஐம்பத்தெட்டு ஆகிறது, ஆசைப்பட்டதை வாய்விட்டுச் சொல்ல இனி வெட்கம் இல்லை.

ராஜராஜேஸ்வரி


கொட்டாஞ்சேனை
23.03.2025

சீனுவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகம்தானா? ரக்ஷிதாவிடம் கேட்டால், "இருக்கிறார் மச்சாள், கதைக்கிறது குறைவு" என்கிறாள். எழுதியது எழுதியதுதான், நான் எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் இப்போது சண்டைக்கு எழுதவில்லை.

என் வேலை போச்சு.

நான் கட்டுவது கட்டலினா. கொக்கலைக் களப்பில் உலகப் போர்க் காலத்தில் இறங்கி ஏறியதே, அந்தக் கடல் விமானம். புறக்கோட்டையில் நப்ரீஸின் கடையில் வாங்கினேன். உள்ளே இரண்டு விமானிகள், ஆளுக்கொரு சுக்கான் சக்கரம், ஒவ்வொன்றும் பயறளவு. ஒன்றைப் பூசி ஒட்டிவிட்டேன். மற்றதை எடுக்கும்போது டிக் என்று தெறித்துப் போனது. உன் டுவீசரைத் திருப்பித் தந்துவிட்டேனா, நான் புருவம் எடுக்கும் டுவீசரால் பிடித்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

அறை முழுக்கத் தேடினேன். கூட்டிய குப்பையை அரித்துப் பார்த்தேன். அத்தான் அந்த முழங்காலோடு கட்டிலுக்கு அடியில் டோர்ச் பிடித்துக்கொண்டு, "ஸ்டியறிங் இல்லாட்டி என்ன ராஜி, கடல்ல இறங்கிற பிளேன்தானே, அது பாட்டுக்கு மிதக்கட்டும்" என்றார். சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

முன் ஜன்னல் வழியே பார்த்தால் முதலில் கண்ணில் படுவதே அந்தச் சக்கரங்கள்தான். ஒன்று இல்லாவிட்டால் ரொனி அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பெட்டியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். நீ நன்றாகச் செய்.

அக்கா


வெள்ளவத்தை
16.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்களுக்கும் அத்தானுக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். இங்கே நாங்கள் சுகம்.

தை மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் பிடிக்கவில்லை.

பெட்டியை மூடவேண்டாம். நப்ரீஸிடம் உடைந்த மொடல்கள் கிடக்கும். ஒரு தரம் போய்க் கேட்டுப்பாருங்கள். என் டுவீசரை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள், இறுக்கவேண்டாம்.

போட்டி விண்ணப்பம் ஜூலையில் கொடுப்பார்கள். பெயரை முழுதாக எழுதுங்கள் அக்கா. முதல் எழுத்தைப் போட்டுச் சுருக்கவேண்டாம்.

உங்கள் தம்பி
சீனு


கொட்டாஞ்சேனை
08.06.2025

அன்புத் தம்பி சீனுவுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும், உன் குடும்பம் சுகமாக இருக்கவேண்டும், நப்ரீஸின் குடும்பமும் சுகமாக இருக்கவேண்டும்! சக்கரம் கிடைத்துவிட்டது!

கடைக்குப் போய் வாயைத் திறக்கமுதல் நப்ரீஸ் ஒரு சின்னப் பையை எடுத்து வைக்கிறான். "அக்கா, உடைஞ்ச பெட்டி ஒண்டுல இருந்திச்சி. எடுத்துட்டுப் போங்க" என்கிறான். எவ்வளவு என்றேன். "சும்மாதான் அக்கா" என்றான். சீனு, அவன் ஒரு பொலித்தீன் பையைக்கூடச் சும்மா தந்ததை நான் கண்டதில்லை. வெயிலில் ஏதோ ஆகிவிட்டது போல.

அதே கட்டலினாவின் சக்கரம். அடியில் கொஞ்சம் பசை காய்ந்திருந்தது, சுரண்டி எடுத்தேன். உன் டுவீசரால் பிடித்து, பூசி, நீ சொன்னபடி ஒட்டும் இடத்தைச் சுரண்டி ஒட்டிவிட்டேன். சொக்லட் சுற்றிவரும் வெள்ளித்தாளில் நூல் நூலாக வெட்டி விமானிகளின் இருக்கைக்குப் பட்டி போட்டேன். ஜன்னல்களைப் பற்பசையால் தேய்த்ததில் இப்போது குழாய்த் தண்ணீர்போல் இருக்கின்றன. அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்கு ஏறி இருக்கலாம் போல கிடக்கு" என்றார். இந்த மனுஷன் வாயால் ஒரு பாராட்டு வாங்க எனக்குக் கட்டலினா தேவைப்பட்டிருக்கிறது.

உன் விமானம் எப்படி? என்ன விமானம் என்று நீ சொல்லவே இல்லையே.

அன்புடன்
அக்கா


வெள்ளவத்தை
28.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று ரக்ஷிதா சொன்னாள்.

பதில் பிந்திவிட்டது, ஒஃபிஸில் வேலை கூட. என் விமானம் பரவாயில்லை. இறக்கையின் வெளுப்பு முழுதாகப் போகவில்லை. மண்டபத்தில் பார்ப்பீர்கள்தானே.

உங்களுடையதைக் கொண்டுவரும்போது பஸ்ஸில் வரவேண்டாம். ஓட்டோ பிடித்து, மடியில் வைத்து, மருதானைப் பக்கத்துப் பள்ளங்களில் மெல்லப் போகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
சீனு


கொட்டாஞ்சேனை
16.09.2025

என் அருமைத் தம்பிக்கு,

நான் சுகமா என்றா கேட்கிறாய்? தரையில் கால் படவில்லை. அத்தானும் அப்படித்தான், முழங்கால் வலியையே மறந்துவிட்டார்.

கதைக்கத் தொடங்கிவிட்டோமே, இனி எதற்குக் கடிதம் என்பாய். கதைத்தால் நீ குறுக்கே பாய்வாய். எழுதினால் கடைசிவரை கேட்பாய். போட்டி மண்டபத்தில் நடுவர் வரும் நேரம் நீ பயத்தில் வெளியே போய் இறால் வடைக்காரனிடம் நின்றுவிட்டாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது.

என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இன்னொரு கட்டலினா. அட்டையைப் பார்த்தால் "கே. ஸ்ரீநிவாசன்". எனக்குப் பகீரென்றது. இரண்டு பெட்டி கொண்டுவந்து, அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று விற்றிருக்கிறான் அந்த நப்ரீஸ்!

ரொனி வந்தார். பூதக்கண்ணாடியும் சின்ன டோர்ச்சுமாகக் குனிந்தார். நிமிரவே இல்லை. பிறகு, "மிஸிஸ், கொஞ்சம் தூக்கிப் பாக்கலாமா?" என்றார். தலை அசைத்தேன். அவர் தூக்கிச் சரித்து, குப்புறப் பிடித்து, காதருகில் வைத்து ஆட்டினார். ஒரு சத்தம் இல்லை. ஒரு துண்டு அசையவில்லை. "இந்த மீட்டருக்கெல்லாம் கண்ணாடி எப்பிடிப் போட்டீங்க?" என்று கேட்டார். ஊசி முனையில் வார்னிஷ் என்றேன். பெரிய மனுஷன், பிள்ளையைப்போலத் திரும்பவும் குனிந்து பார்த்தார்.

பிறகு உன்னுடையதைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "பாவம், ஒரு வீல் இல்லையே" என்றார்.

நான் அவர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். தெறித்துப் போயிருந்தால் அடி முறிந்த தடம் இருக்கும். இது கத்தியால் நேராக வெட்டிய தடம். உன் கத்தி வெட்டு எனக்குத் தெரியாதா? ஒட்டிப் பூசி முடித்த சக்கரத்தை வெட்டி எடுத்து, நப்ரீஸின் கையில் கொடுத்து, பொய் சொல்லப் பழக்கியிருக்கிறாய். உனக்குக் கோப்பை வேண்டாமா? உன் அவமானத்தைத் துடைக்கவேண்டாமா?

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பம்பலப்பிட்டி முழுக்கக் கேட்கும்படி, "டேய் சீனு! எருமை! இஞ்ச வாடா!" என்று கத்தியது நான்தான். வடைக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நடுங்கிவிட்டான். உன் சட்டை முழுக்க என் கண்ணீரும் உன் வடை எண்ணெயும்.

முதல் இடத்தை அறிவிக்கும்போது அந்தச் செயலாளர் "ராஜ... ராஜ..." என்று என் பெயருக்குள் தடுக்கி விழுந்தாரே, பின்வரிசையிலிருந்து நீ "ராஜராஜேஸ்வரி சத்தியநாராயணன்!" என்று முழுதாகக் கத்தினாய். மண்டபமே கைதட்டியது. என் காதில் விழுந்தது உன் குரல் மட்டும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோப்பையை ரக்ஷிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஒஃபிஸ் கோட்டைப் பக்கம்தானே, அருகே செட்டியார் தெரு நகைக்கடையில் பெயர் வெட்டிக்கொண்டு வா. இரண்டு பெயரும் வெட்டு. சக்கரம் உன்னுடையது, கோப்பையில் பாதியும் உன்னுடையது. கழக விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். மறுத்துக் கதைத்தாயோ, தெரியும்தானே என்னை.

கொண்டாட்டத்துடன்
உன் அக்கா


வெள்ளவத்தை
05.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் கால் இன்னும் தரையில் படவில்லை என்று அத்தான் சொன்னார், சந்தோஷம்.

மறுத்துக் கதைக்கவில்லை, எழுதுகிறேன். உங்கள் சொல்லைக் கேட்கவில்லை. சக்கரம் இருந்திருந்தாலும் நான் தோற்றிருப்பேன். என் இறக்கையைப் பார்த்தீர்கள்தானே, சவர்க்காரம் போகக் கழுவாத தேநீர்க் கோப்பைபோல. கோப்பையை வென்றவர் நீங்கள். ஒரு மொடலுக்கு ஒரு பெயர், அது விதி. அந்த விதியை இத்தனை வருடம் எனக்காக வைத்திருந்தேன். இந்த முறை உங்களுக்காக வைக்கிறேன்.

செட்டியார் தெருவில் பெயர் வெட்டும் பழனிமுத்துவிடம் கொடுத்தேன். கோப்பையின் அடியில் வருடத்துக்கு ஒரு சின்னத் தகடு இருக்கிறதல்லவா, எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் குட்டிக் குட்டிப் பெயர்கள். பழனிமுத்து நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, "ஐயா, இது பேரா, ரயில்வே டைம் டேபிளா?" என்றார். "ஆர். சத்தியா எண்டு போடுவம், வடிவா இருக்கும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஒரு எழுத்துக் குறைஞ்சாலும் நான் எடுக்கமாட்டன். தமிழில போடுங்க, பெருசாப் போடுங்க" என்றேன். அவர் அளந்து பார்த்து, தலையைச் சொறிந்து, "அப்ப ஒரு தகடு காணாது" என்றார். பக்கத்துத் தகடு அடுத்த வருடத்துக்கு உரியது, வெறுமையாக இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன்.

முதல் தகட்டில் ராஜராஜேஸ்வரி. இரண்டாவதில் சத்தியநாராயணன். மினுங்குகிறது அக்கா. கடையில் நகை வாங்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "ஆர் இது?" என்று ஒரு அம்மா கேட்டா. "எங்கட அக்கா" என்றேன். இரண்டு தரம் சொன்னேன், அவவுக்குக் கேட்டிருந்தும்.

கழகச் செயலாளர் தொலைபேசியில் கத்துகிறார். அடுத்த வருடம் வெல்கிறவரின் பெயரை எங்கே போடுவது என்று கேட்கிறார். அது ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் அடுத்த வருடமும் வெல்லத்தான் வேண்டும் அக்கா. எந்த மொடல் என்று யோசியுங்கள், ஒட்டும் வேலை எல்லாம் நான் செய்து தருகிறேன்.

உங்கள் தம்பி
ஸ்ரீநிவாசன்